ஒயினின் பெயரும் திராட்சையின் பெயரும்

கேள்வி: பாரோலோ, கியாந்தி, புருனெல்லோ என்று இத்தாலியச் சிவப்பு ஒயின்களின் பெயர்களைப் படிக்கிறேன். இவையெல்லாம் திராட்சை ரகங்களா?

பதில்: பாரோலோ, வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் பிரதேசத்தில் உள்ள ஒரு சிற்றூர், கியாந்தி, டஸ்கனியில் உள்ள ஒரு குன்றுப் பகுதி. புருனெல்லோ மட்டும், மாண்டால்சினோ ஊரார் தங்கள் நிலத்தில் விளையும் சாஞ்சியோவேசே திராட்சைக்கு வழங்கிவந்த பெயர். 1963இல் வந்த இத்தாலியச் சட்டம் ஒயினை அது விளையும் நிலத்தின் பெயரோடு பிணைத்தது. எந்த எல்லைக்குள் எந்த ரகத்தைப் பயன்படுத்தலாம், எவ்வளவு காலம் முதிர வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குரிய விதிகளிலேயே அடங்கிவிடுவதால், புட்டியில் ரகத்தைத் தனியே அச்சிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

பாரோலோவை நெப்பியோலோ என்ற ஒரே ரகத்திலிருந்துதான் செய்ய வேண்டும். தாமதமாகப் பழுக்கும் இந்தத் திராட்சையை அக்டோபர் மாதத்து மூடுபனிக்கு இடையே பறிப்பார்கள். இதன் ஒயின் நிறத்தில் வெளிறியிருப்பதால் மென்மையானது என்று எண்ணிப் பருகுகிறவர், நாவை இறுக்கும் அதன் துவர்ப்பைக் கண்டு திகைத்துப்போவார். குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பிறகே அது விற்பனைக்கு வரலாம். பக்கத்திலுள்ள பார்பரேஸ்கோவும் நெப்பியோலோதான். அதற்கு 26 மாதங்கள் போதும்.

கியாந்தியின் வரலாறு இவ்வளவு நேரானதன்று. இத்தாலியின் பிரதமராக இருந்த பெட்டினோ ரிகாசோலி 1872இல் எழுதிய கடிதம் ஒன்றில், சாஞ்சியோவேசே மணமும் வலுவும் தரும் என்றும், கனாயோலோ அதன் கடுமையைத் தணிக்கும் என்றும், மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையை, நெடுநாள் வைத்திருக்கும் ஒயினில் சேர்க்காமல், விரைவில் பருகும் ஒயினுக்கே வைத்துக்கொள்ளலாம் என்றும் விளக்கியிருந்தார். 1967இல் வந்த விதிகளோ அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்து, வெள்ளைத் திராட்சை குறைந்தது 10 சதவீதம் இருந்தே தீர வேண்டும் என்றன. நல்ல சாஞ்சியோவேசேயை நீர்த்துப்போகச் செய்த விதி அது என்பதே என் உறுதியான கருத்து. அதை ஏற்க மறுத்து உருவான டிக்னானெல்லோ என்ற டஸ்கனி ஒயின், 1971ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து, வெறும் மேசை ஒயின் என்ற கீழ்த் தகுதியோடு விற்கப்பட்டும் பெரும் புகழ் பெற்றது. இன்று கியாந்தியின் பழைய மையப் பகுதியில் விளையும் கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு விளைச்சல் முதல் அதில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை.

கேள்வி: இரண்டு புட்டிகளில் மாண்டெபுல்சியானோ என்று இருக்கிறது, விலையில் பெரிய வேறுபாடு. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. வீனோ நோபிலே தி மாண்டெபுல்சியானோ என்பதில் உள்ளது டஸ்கனியின் ஒரு மலையூர். அதன் முதன்மைத் திராட்சையும் சாஞ்சியோவேசேதான். மாண்டெபுல்சியானோ தப்ரூட்சோ என்பதில் உள்ளது, கிழக்கே அப்ரூட்சோ பிரதேசத்தில் விளையும் மாண்டெபுல்சியானோ என்ற தனி ரகம். இது அடர்நிறமும் பழச்சுவையும் கொண்டது, புளிப்பு மிதமானது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: அமரோனே என்ற ஒயின் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது?

பதில்: வெரோனா அருகிலுள்ள வால்போலிசெல்லாவில் விளையும் கொர்வினா முதலிய திராட்சைகளைப் பறித்தவுடன் பிழியாமல், பல வாரங்கள் காற்றோட்டத்தில் உலர்த்துகிறார்கள். நீர் குறைந்து சர்க்கரை செறிகிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை எஞ்சவிட்டு நொதித்தலை நிறுத்தினால் ரெச்சோட்டோ என்ற இனிப்பு ஒயின் கிடைக்கும். ஏறக்குறைய முழுவதும் நொதிக்க விட்டால், குறைந்தது 14 சதவீத ஆல்கஹால் கொண்ட அமரோனே கிடைக்கும்.