வரிசையாகத் தோற்கும் அணிக்கு எப்படி ரசிகராக இருக்க முடிகிறது?

கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகத்தான் நினைத்தேன், முடியவில்லை. கேட்டவர் எந்த அணி என்று சொல்லவில்லை. ஆனால் "ஆபீஸில் கிண்டல் தாங்கவில்லை, ரசிகனாக இருப்பதையே விட்டுவிடலாமா?" என்று கூடவே ஒரு வரி போட்டிருப்பதைப் பார்த்தால், 2025 ஐபிஎல் முழுக்க மஞ்சள் சட்டையில் திரிந்தவர் என்று நினைக்கிறேன். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்தாவது இடம். வலிக்கும்தான். சரி, இப்போது என் கணக்கைக் கேளுங்கள். 82 ஆட்டம், 14 வெற்றி, 68 தோல்வி. அந்த 68இல் 28 தோல்வி, நடுவில் மூச்சுவிட ஒரு வெற்றிகூட இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், 2023-24 என்பிஏ சீசன்.

"தமிழனுக்கு எதுக்குய்யா அமெரிக்கக் கூடைப்பந்து" என்று கீழே எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் ஃபார்மிங்டன் ஹில்ஸ், நோவை, கேன்டன், ட்ராய் பக்கமெல்லாம் கார் கம்பெனிகளையும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளையும் நம்பி வந்த நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நான் வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் மகன் இங்கேயே பிறந்தவன், அவனுக்கு இதுதான் ஊர், இதுதான் ஊர் டீம். தோனியை அவனுக்கு நான் யூடியூபில் காட்ட வேண்டியிருக்கிறது. பிஸ்டன்ஸின் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமை எனக்கு அவன்தான் காட்டினான்.

அப்புறம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். விசுவாசம், ரத்தத்தில் ஊறியது என்று பெரிதாக எழுதுகிறார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நான் அந்த சீசனில் நேரில் போக ஆரம்பித்ததே டிக்கெட் சல்லிசாகக் கிடைத்ததால்தான். பார்க்கிங்குக்குக் கொடுத்தது டிக்கெட்டைவிட அதிகம். ரோட்டில் இரண்டு வண்டி இடித்துக்கொண்டு நின்றால் நாமும் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்தக் குணம்தான். 28 தோல்வியில் 5 தோல்வியை நேரில் பார்த்தேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. முதல் ஆட்டம் மயாமியிடம் ஒரே பாயிண்டில் போனது, அடுத்த இரண்டும் வெற்றி. மூன்றுக்கு இரண்டு. புதுக் கோச் மான்டி வில்லியம்ஸ், 2021இல் பீனிக்ஸ் அணியை ஃபைனல்ஸ் வரை கொண்டுபோனவர், 2022இல் சிறந்த கோச் விருது வாங்கியவர், ஆறு வருடத்துக்கு 78.5 மில்லியன் டாலர் பேசிக் கூட்டிவந்திருந்தார்கள். அக்டோபர் 30ஆம் தேதி ஓக்லஹோமாவில் தோற்றார்கள். சரி, ஒன்றுதானே என்று இருந்தோம். அதற்கப்புறம் டிசம்பர் 28 வரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஏன் தோற்றார்கள் என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. முக்கியமான ஆட்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். தூரத்திலிருந்து நம்பி த்ரீ, அதாவது மூன்று பாயிண்ட் ஷாட், அடிக்கக்கூடிய பொக்டானோவிச் காயத்தோடு ஆரம்ப வாரங்களை வெளியே உட்கார்ந்து கழித்தார். தூரத்திலிருந்து அடிக்க ஆளில்லை என்று தெரிந்துவிட்டால் எதிரணிக்கு வேலை சுலபம், ஐந்து பேரும் வளையத்துக்கடியில் வந்து கூட்டம் போட்டுவிடுவார்கள். கன்னிங்ஹாம் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைவார், கோயம்பேட்டில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஏறப்போகிறவர் மாதிரி முட்டி மோதி நிற்பார், பந்து கைமாறிவிடும். இதற்கு நடுவில் கோச் வேறு ஜேடன் ஐவியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஷூட் பண்ணவே தயங்கும் இன்னொருவரை ஆரம்பத்திலேயே இறக்கினார். பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்கள் ஐந்து பேரையும் மொத்தமாக இறக்கிவிட்டு முன்னிலையைக் கரைத்த நாட்களும் உண்டு. நான் கோச் இல்லை, எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் என் சின்னப் பையன் "அப்பா, இப்ப ஏன் அவரை வெளிய எடுக்கறாங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸ் லீவு. முந்தைய ஆட்டத்தில் இதே ப்ரூக்ளின் நெட்ஸிடம் தோற்று, ஒரே சீசனில் தொடர்ச்சியாக 26 தோல்வி என்ற சாதனையைச் சமன் செய்திருந்தார்கள். அன்றைக்கும் தோற்றால் என்பிஏ வரலாற்றில் முதலிடம். லாட்ஜ் ஃப்ரீவே வழியாக டவுன்டவுன் போய், வண்டியை விட்டுவிட்டு லிட்டில் சீசர்ஸ் அரீனாவுக்குள் நுழைந்தோம். இந்த அரங்கத்தில் நாற்காலியெல்லாம் முதலில் சிவப்பு. பிறகு மொத்தத்தையும் கருப்பாக மாற்றினார்கள். காலி நாற்காலி டிவியில் பளிச்சென்று தெரிகிறது, அதனால்தான் என்று ஊரில் பேச்சு. ஆனால் அன்றைக்கு நாற்காலிகள் அவ்வளவு காலியாக இல்லை. என்னை மாதிரி எட்டிப் பார்க்க வந்தவர்கள் போல.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், கார் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 2004 சாம்பியன் என்று எழுதிய ஜாக்கெட் போட்டிருந்தார், முழங்கையில் தையல் பிரிந்திருந்தது. பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ் என்று அந்த ஐந்து பேரையும் என் மகனுக்கு விரல்விட்டுச் சொன்னார். கோபி, ஷாக் என்ற பெரிய நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸை அந்த வருட ஃபைனல்ஸில் 4-1 என்று மடக்கிய கதையை, நம்மூரில் எண்பத்து மூன்று உலகக்கோப்பையைச் சொல்வார்களே, அந்த மாதிரி மெதுவாகச் சொன்னார். பாப்கார்ன் டப்பாவை மகன் மடியில் வைத்துவிட்டு, "நீ சாப்பிடு, எனக்கு உப்பு ஆகாது" என்றார். ஆகாதென்றால் ஏன் வாங்கினார் என்று தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் கன்னிங்ஹாம் என்னவோ ஆனார். அன்று அவர் அடித்த 41 பாயிண்டில் பெரும்பகுதி அதில்தான். ஒவ்வொரு ஷூட்டுக்கும் ஒலிபெருக்கியில் "டீஈஈ-ட்ராய்ட் பாஸ்கெட்பால்" என்று இழுக்கும்போது மகனும் கூடவே இழுத்தான், தொண்டை கட்டிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது. கடைசி சில நிமிடத்தில் வழக்கம்போல கைநழுவியது. 118-112. "டீமை வித்துடு, டீமை வித்துடு" என்று ஓனர் டாம் கோர்ஸைப் பார்த்துக் கூட்டம் கத்த ஆரம்பித்தது. நானும் கத்தினேன். பக்கத்துப் பெரியவர் கத்தவில்லை. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "பையன் 41 அடிச்சான், பார்த்தேல்ல" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

திரும்பி வரும்போது காரில் மகன் கேட்டான், "அப்பா, அடுத்த மேட்ச் ஜெயிச்சா இந்த 27 அழிஞ்சிடுமா?" அழியாதுடா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப 41ம் அழியாதுல்ல" என்றான். கேள்வி கேட்டவரே, நீங்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்றுதானே கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அன்றைக்கு வந்ததுதான். முழு சீசனைப் பார்க்காதீர்கள், பாயிண்ட்ஸ் டேபிள் பக்கம் போகவே போகாதீர்கள், ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் போன வாரத்தைவிட இந்த வாரம் என்ன புதிதாகச் செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஜேலன் ட்யூரன் ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, எப்போது கால் எடுக்கிறார் என்று மட்டுமே பார்த்து ஒரு ஆட்டத்தை ஓட்டியிருக்கிறோம். இது தோற்றவன் சொல்லும் சமாதானம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் எல்லாம் மேலே இருப்பவர்கள் மேல்தான். "ரீபில்டிங்" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தோற்கிறோம், ஆனால் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நாலு வருடமாக அதையே சொன்னார்கள். மோசமாகத் தோற்றால் அடுத்த ட்ராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், நல்ல ஆள் கிடைப்பார் என்பது கணக்கு. அதுவும் நேரடியாகக் கிடைக்காது, லாட்டரி. அப்போது கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் விழ ஆளுக்கு 14 சதவீதம்தான் வாய்ப்பு இருந்தது. 2023இல் 17 வெற்றி, 65 தோல்வி என்று கடைசியில் வந்தோம், எல்லோரும் கண்வைத்திருந்த வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார், எங்களுக்கு ஐந்தாவது இடம். 2024இல் இந்த 14-68, மறுபடி ஐந்தாவது இடம். கடைசி அணிக்கு அதைவிடக் கீழே விழ அப்போதைய விதியிலேயே இடமில்லை, அப்படி ஒரு ராசி. மார்ச் மாதம் எச்-1பி வேலை விசா குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மெயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். எனக்கு இரண்டு வருடம் விழவில்லை, மூன்றாவது வருடம்தான் விழுந்தது.

ரீபில்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்களை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு இதே மாதிரி ஒரு வார்த்தையைச் சொன்னார்கள். "டீமை மறுசீரமைக்கிறோம்." பன்னிரண்டு பேர். மதியம் எனக்கு லேப்டாப் லாகின் போய்விட்டது. இரண்டு வாரச் சம்பளம் கொடுத்தார்கள், விசாவுக்கு அறுபது நாள் கெடு வேறு ஓட ஆரம்பித்துவிட்டது. மறுசீரமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு அதே வருடம் பதவி உயர்வு. மான்டி வில்லியம்ஸை ஒரே சீசனில், 2024 ஜூனில், அனுப்பினார்கள். மிச்ச ஒப்பந்தத்தில் அவருக்கு வரவேண்டியது 65 மில்லியனுக்கு மேல். அவர் மேல் தப்பில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். விடுங்கள்.

அந்த ப்ரூக்ளின் ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து பாஸ்டன் ஆட்டம், டிவியில் பார்த்தோம். செல்டிக்ஸ் அப்போது லீகிலேயே பலமான அணி, அவர்கள் ஊரிலேயே ஆட்டம். பாதி ஆட்டத்தில் பிஸ்டன்ஸ் 19 பாயிண்ட் முன்னால். மனைவி, கூடைப்பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், தோசைக் கரண்டியோடு சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்ததும்தான் இறங்க ஆரம்பித்தது என்று நான் சொன்னதை இன்று வரை சொல்லிக்காட்டுகிறாள். ஓவர்டைமில் 128-122. இருபத்தெட்டு. அடுப்பில் தோசை கருகியிருந்தது.

"பிறகு ஜெயித்தார்களா" என்று கேட்காமல் விடமாட்டீர்கள். அடுத்த சீசன் புதுக் கோச் பிக்கர்ஸ்டாஃப். ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி, டோபியாஸ் ஹாரிஸ் என்று தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்த அனுபவசாலிகள் வந்தார்கள், கன்னிங்ஹாமுக்கு உள்ளே நுழைய வழி கிடைத்தது. 44-38. முந்தைய வருட வெற்றியை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிய அணி அதற்கு முன் என்பிஏவில் இல்லை. ப்ளேஆஃப்ஸில் நியூயார்க்கிடம் முதல் சுற்றிலேயே போனார்கள், ஆனால் 2008க்கு அப்புறம் ப்ளேஆஃப்ஸில் ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறுத்துப் பொறுத்து ஒன்றுமே ஆகாத அணிகளும் உண்டு.

அந்தத் தொடர் தோல்வி முடிந்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். டிசம்பர் 30, சனிக்கிழமை, டொரான்டோவோடு. அன்றைக்கே டொரான்டோ தன் முக்கிய ஆட்டக்காரர் ஓஜி அனுனோபியை நியூயார்க்குக்கு மாற்றியிருந்ததால் ஆள் குறைவு, வாய்ப்பு உண்டு என்று மகன் தலைபாடாக அடித்துக்கொண்டான். ஆனால் கேன்டனில் தெரிந்தவர் வீட்டு கிரகப்பிரவேசம். "அண்ணா, நீங்க வரலைன்னா நல்லா இருக்காது" என்று மூன்று தடவை போன் பண்ணியிருந்தார். டிக்கெட்டை ஆபீஸில் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். நான் பிசிபேளாபாத் வரிசையில் தட்டோடு நிற்கும்போது கீழே பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு அலறல். ஏதோ குழந்தை படியில் விழுந்துவிட்டது என்று வீட்டுக்காரம்மா ஓடினார். என் மகன்தான். யாருடைய டேப்லெட்டிலோ பார்த்திருக்கிறான். 129-127.

ராத்திரி அந்த ஆபீஸ் பையன் போட்டோ அனுப்பினான். எங்கள் இரண்டு நாற்காலியில் அவனும் அவன் தம்பியும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. பக்கத்து நாற்காலியில் தையல் பிரிந்த ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அந்தப் பெரியவராகத்தான் இருக்கும் என்கிறான் மகன். அதே வரிசைக்கு நான் டிக்கெட் வாங்கவே இல்லை, அவராக இருக்க முடியாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறான்.