வலையமைப்பு நடுவில் அறுந்தால் லாஞ்செஸ்டர் சமன்பாடு என்னவாகும்?

வலையமைப்பால் இணைந்த இரு படைகள் மோதும்போது திடீரெனத் தொடர்பு அறுந்தால், அதைப் போர் இழப்புகளைக் கணக்கிடும் லாஞ்செஸ்டர் சமன்பாடுகளால் விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் அவற்றில் மாறிலியாக நிற்கும் தாக்குதிறன் குணகத்தை (ஒரு வீரர் கணந்தோறும் எத்தனை எதிரிகளை வீழ்த்துவார் என்ற அளவை) மாறவிட வேண்டும்.

ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1916இல் நூலாக வெளியிட்ட மாதிரியில், ஒரு படை கணந்தோறும் இழக்கும் வீரர்களின் எண்ணிக்கை, எதிரிப்படையின் அப்போதைய எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதிலிருந்து பிறப்பதுதான் வர்க்க விதி: ஒரு படையின் வலிமை, அதன் குணகத்தை எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. சமதிறனுள்ள 100 பேரும் 80 பேரும் இறுதிவரை மோதினால், 10,000இலிருந்து 6,400ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க, பெரிய படையில் 60 பேர் எஞ்சுவார்கள். (எஞ்சாத 40 பேரும் மனிதர்கள் என்பதைக் கணக்குப் போடும்போது நான் மறக்க விரும்புவதில்லை.)

இவ்விதி ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: எல்லா வீரரும் எந்த எதிரியையும் குறிவைக்கலாம், ஒருவர் வீழ்ந்தவுடன் சுடுபவர் அடுத்த இலக்குக்கு மாறிவிடுவார். யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல் தடையின்றி ஓடினால்தான் இது நடக்கும். ஆகவே நன்றாக இயங்கும் வலையமைப்பு ஒன்று அந்தக் குணகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

இப்போது 100 பேர் கொண்ட படையின் தொடர்பு அறுந்து, அது 50, 50 என இரு துண்டுகளாகி, எதிரி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சந்திப்பதாகக் கொள்ளுங்கள். 6,400இலிருந்து 2,500ஐ இருமுறை கழித்தால் 1,400. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 37. தோற்க வேண்டிய 80 பேர் படை 37 பேருடன் வெல்கிறது. 100 பேர் படையைப் பிரிக்காமல் அதன் குணகத்தை மட்டும் பாதியாக்கினாலும் இதே விடைதான் வருகிறது. குணகத்தில் ஒரு திடீர்த் தாவலைச் செருகினால், துண்டாடலை விளக்கிவிட முடிகிறது.

தாவலின் அளவைவிட அது நிகழும் நேரத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதே போரில் பெரிய படை 85, சிறிய படை 60 என்ற நிலைக்கு வருமுன் பெரிய படையின் குணகம் நிரந்தரமாகப் பாதியானால் முடிவு தலைகீழாகும். அதன்பின் பாதியானால் பெரிய படையே வெல்லும், இழப்பு மட்டும் கூடும். மீட்புக்கும் இதுபோல் ஒரு கெடு உண்டு. தொடக்கத்திலேயே தொடர்பு அறுந்திருந்தால், இரு படைகளும் சுமார் 53 என்று சமமாவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டால் பெரிய படை இன்னும் வெல்லும்.

குணகம் எவ்வளவு விழும் என்பதை வலையமைப்பின் வடிவம் தீர்மானிக்கிறது. சில மையக் கணுக்களே (இணைப்புகள் சந்திக்கும் புள்ளிகளே) பெரும்பாலான இணைப்புகளைத் தாங்கும் வலையமைப்பு, ஏதோ சில கணுக்கள் பழுதானால் தாக்குப்பிடிக்கும். அந்த மையங்களைத் தேர்ந்து தாக்கினால் சிதறிவிடும். இதை அளக்க, எந்தக் கணு எதனுடன் இணைந்திருக்கிறது என்பதை எண்களாக அடுக்கும் லாப்லாசியன் அணியின் இரண்டாவது சிறிய ஐகன் மதிப்பு (அணியிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்) உதவும். வலையமைப்பு துண்டாகும்போது அது பூஜ்யமாகிவிடும்.

கணினியில் செய்து பார்ப்பதானால், இடையூறு நிகழும் நேரத்தைத் தற்செயல் மாறியாக வைத்துப் பல்லாயிரம் முறை ஓட்டுங்கள். ஆனால் விடைகளின் சராசரியை நம்பாதீர்கள்: சில ஓட்டங்களில் ஒரு படையும் மற்றவற்றில் எதிர்ப்படையும் வெல்வதால், சராசரி எந்த ஓட்டமும் முடிந்திராத ஓரிடத்தில் போய் நிற்கக்கூடும்.