வைபூவுக்கு ஒரு நாள்

ஐயா, டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் ஆக்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். வடக்கே வைபூ என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய சிற்றூர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மருமகனோ, "ஒரு தெரு, ஒரு மியூசியம், அவ்வளவுதான் அத்தை" என்கிறார். ஒரு நாள் ஒதுக்கலாமா?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பாக ஒதுக்குங்கள். ஊர் சின்னதுதான். ஆனால் முதலில் அந்த மியூசியத்துக்குள் போய்விட்டு வந்து தெருவில் நடங்கள்.

நார்மன் மெக்லியோட் என்ற போதகர் 1817-ல் ஸ்காட்லாந்தை விட்டு, இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அவரைச் சுற்றிச் சேர்ந்த கெயிலிக் என்ற பழைய ஸ்காட்லாந்து மொழி பேசும் குடும்பங்கள் அங்கே உள்ள கேப் பிரெட்டன் தீவில் காடு திருத்தி முப்பது வருஷம் வாழ்ந்தன. 1840களின் கடைசியில் உருளைக்கிழங்கை நோய் தின்றது, பஞ்சம் வந்தது. அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து மெக்லியோடின் மகன் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. 1851-ல், எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் 'மார்கரெட்' கப்பலில் மறுபடி கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் எல்லோரும் ஒன்றாகக் குடியிருக்க இடம் அமையவில்லை. அங்கிருந்துதான் நியூசிலாந்துக்கு, இந்த வைபூவுக்கு வந்தார்கள். பின்னாலேயே இன்னும் ஐந்து கப்பல்கள் வந்தன. மொத்தம் எண்ணூறு பேருக்கு மேல். ஒரு சமூகமே இரண்டு முறை கடல் தாண்டியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய காட்சி அங்கே எதுவும் இல்லை. தெருவில் நிற்கும் 1914-ஆம் வருஷத்து நினைவுத்தூணுக்கு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக் கிரானைட்டை அத்தனை தூரம் வரவழைத்த மனசு அப்போது புரியும்.

நீங்கள் போகும் சமயமும் நல்ல சமயம். 1871-ல் தொடங்கிய ஹைலேண்ட் விளையாட்டுகள், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாரம்பரியப் போட்டிகள், அங்கே புத்தாண்டு அன்றுதான் நடக்கும். பைப் இசை, நடனம், அப்புறம் முழு மரத்தடியைத் தூக்கி எறியும் போட்டி. ஜனவரி 1-ஐயே தேர்ந்தெடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஊருக்கு வெளியே உள்ள குகைகளுக்கும் போகலாம். கட்டணம் இல்லை, வழிகாட்டியும் இல்லை. உள்ளே ஓடை ஓடுகிறது. மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பும், ஆளுக்கொரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஒளிப்புழுக்கள் இருக்கும். ஒருவகைச் சிறு பூச்சியின் புழுப்பருவம் அது. பிசின் நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டி இரை பிடிக்கும். கொஞ்ச தூரம் உள்ளே போனதும் எல்லா டார்ச்சையும் அணைத்துவிட்டு நில்லுங்கள். கண் பழக இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.