இலவசமாக எழுதியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று சமூக வலைத்தளம் ஒன்றை வாங்கலாமா என்ற விவாதம் எங்கள் நண்பர்களிடையே ஓய்ந்தபாடில்லை. வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. பணமும் பொறியாளர்களும் இருப்பவர்கள் கைக்குப் போனால் வசைகளும் போலிக் கணக்குகளும் குறையும். தளமும் நட்டத்தில் மூழ்காமல் தப்பும். போட்டியை ஒழிக்கும் தந்திரம் இது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும் நாம் இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள்தானே, யார் வாங்கினால் நமக்கென்ன? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நெடுநாளாக நான் மனத்துக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் கடிதத்தின் ஒரு வரி சீண்டிவிட்டது. அதற்கு வருமுன் மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பணம் இருந்தால் வசை குறையும் என்பது மெய்யானால், உலகின் மிகப் பணக்காரத் தளங்களே மிகக் கண்ணியமான தளங்களாகவும் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நட்டத்திலிருந்து தப்பும் என்பதும் பழைய கணக்குகளோடு ஒத்துவரவில்லை. 2008இல் 85 கோடி டாலருக்கு பீபோ என்ற சமூக வலைத்தளத்தை வாங்கிய ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், இரண்டே ஆண்டுகளில் அதை அற்ப விலைக்குத் தள்ளிவிட்டது. 2013இல் யாகூ 110 கோடி டாலர் கொடுத்து வாங்கிய டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம், 2019இல் மீண்டும் கைமாறியபோது 30 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை என்று செய்திகள் கூறின. 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய லிங்க்ட்இன் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்களிடமும் சந்தாதாரர்களிடமும் அது ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்தது. ஆகவே வாங்கியவரால் அதை அதன் போக்கில் விட்டுவைக்க முடிந்தது. சொந்த வருமானம் இல்லாத தளத்துக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. போட்டியிடுவதைவிட வாங்கிவிடுவது மேல் என்ற பொருளில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் 2008இல் எழுதிய மின்னஞ்சலை, அந்நிறுவனத்தின் மேல் 2020இல் தொடுத்த வழக்கில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் மேற்கோள் காட்டியது. 2025 நவம்பரில் நீதிமன்றம் அவ்வழக்கை நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்த்தது. அதைச் சட்டம் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். 'இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள்தானே' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் என்று விலை பேசி வாட்ஸப்பை வாங்க ஒப்புக்கொண்டபோது, அங்கே 55 ஊழியர்கள் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் வருவாய் 1 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் செயலியைச் செய்யத் தெரியாமலா ஃபேஸ்புக் அவ்வளவு கொட்டிக்கொடுத்தது? அவர்களிடம் சொந்தமாகவே மெசஞ்சர் இருந்தது. அங்கே மாதந்தோறும் வந்து பேசிக்கொண்டிருந்த 45 கோடி மனிதர்களுக்காகவும், அவர்கள் ஒருவரோடொருவர் கொண்டிருந்த தொடர்புக்காகவுமே அந்த விலை. பணத்தாலும் பொறியாளர்களாலும் மட்டும் அத்தகைய தொடர்பை உண்டாக்கிவிட முடியுமென்றால், கூகுள் 2011இல் தொடங்கிய கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டிருக்காது. அங்கே இரண்டுக்கும் பஞ்சமில்லை, ஆட்கள்தான் தங்கவில்லை. ஆக, விலைச்சீட்டில் எழுதப்படும் தொகையில் பெரும்பங்கு உங்களைப் போன்றவர்கள் கூலி வாங்காமல் எழுதியதற்கும், மற்றவர் எழுதியதைப் படிக்க நாள்தோறும் திரும்பி வந்ததற்கும் உரியது. அதை உண்டாக்கிய நீங்களே உங்களை இலவசத்துக்குக் கை நீட்டியவராக எண்ணிக்கொள்கிறீர்கள். நிறுவனங்கள்கூட உங்களை அவ்வளவு மலிவாக மதிப்பதில்லை.

கோபத்தோடு எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நேரில் ஒருமுறையும் சந்தித்ததில்லை. ஒரு வலைத்தளத்தில் நான் எதை எழுதினாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, நான் எழுதியதைவிட நீளமாக மறுத்து எழுதுவார். மறுத்து முடித்தபின், வேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் அப்பா எழுதியவற்றைத் தொகுக்க விரும்பி என்னிடம் கேட்டபோது, அந்தத் தளம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் சேவை முடிந்தது என்ற அறிவிப்போடு நின்றிருந்தது. என்னிடம் இருந்த கோப்பில் என் பதிவுகள் மட்டுமே இருந்தன. அவர் மறுத்த வாதங்கள் அனைத்தும் பத்திரமாக இருக்க, மறுப்புகள் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எதை அனுப்புவது?

ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாம் கொடுத்த தரவை நாமே எடுத்துச்செல்லும் உரிமையைத் தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் உரையாடல் என்பது இருவருடையது. சட்டமோ ஒவ்வொருவருக்கும் அவரவர் பாதியை மட்டும் பிரித்துக் கொடுக்கிறது. பலர் தனித்தனியே நடத்தும் வழங்கிகளில் (சர்வர்களில்) இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டோடானில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால் நம்மைப் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. இந்தக் குறைகளையெல்லாம் தீர்க்க முடியாது என்று நான் நம்பவில்லை. வாங்கும் ஒப்பந்தத்தில் ஊழியர்களின் பங்குக்கும் நிறுவனரின் ஊக்கத்தொகைக்கும் பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதத் தெரிந்தவர்களுக்கு, தளத்தை மூடினால் பொது உரையாடல்களை முழுமையாக ஒரு காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், தன் பதிவு அதில் இருக்க வேண்டாம் என்பவருடையதை விலக்க வேண்டும் என்றும் இரண்டு வரி எழுத முடியாதா?

வாய்மொழி உறுதி போதாது. வாட்ஸப்பின் கணக்குகளைத் தன் கணக்குகளோடு தானாகப் பொருத்துவது நம்பகமாக இயலாது என்று 2014இல் ஐரோப்பிய ஆணையத்திடம் கூறிய ஃபேஸ்புக், 2016இல் அதற்கு வழிவிடும் மாற்றத்தை அறிவித்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017இல் விதிக்கப்பட்ட அபராதம் 11 கோடி யூரோ. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது கையிலிருந்து சிந்திய சில்லறை.

உங்கள் கேள்வி வாங்கலாமா கூடாதா என்பது. நீங்கள் எழுதும் தளத்தில் உங்கள் தரவைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், வரும் கோப்பைத் திறந்து, அதில் யாருடைய மறுமொழிகள் எல்லாம் விடுபட்டிருக்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். விற்பனையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்