தேளியும் ஃபாஸிலும்

அன்புள்ள ஐயா,

மேட்டூர் மீன்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கெளுத்தி வகை மீன்களின் அறிவியல் பெயர்களை ஒரு வாரமாக உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். தேளிக்கு ‘ஹெட்டரோநியூஸ்டஸ் ஃபாஸிலிஸ்’ என்று பெயராம். “ஃபாஸில் என்றால் கல்லாகிப்போன எலும்புதானேம்மா, போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தானே குழம்பு வைத்தாய்?” என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கெளுத்தி, தேளி, வாளை என்று நம்மிடமே அழகான பெயர்கள் இருக்கும்போது, எங்கோ உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரன் வைத்த பெயர்களை நம் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்?

ரா., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள ரா.,

மகளின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லத்தீனில் ஃபாஸிலிஸ் என்றால் ‘தோண்டி எடுத்தது’. அவ்வளவுதான். கல்லாகிப்போன எலும்புக்கு மட்டும் என்று அந்தச் சொல் சுருங்கியது பிற்பாடு. தேளி ஏன் தோண்டி எடுத்த மீன் ஆனது என்பது ஏரி வற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரை கடைசியில் எங்கள் ஊர் ஏரியில் நடுவே மட்டும் கொஞ்சம் சேறு மிஞ்சும். மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும். பாளத்தைப் பெயர்த்தால் அடியில் ஈரம், அந்த ஈரத்துக்குள் கறுப்பாக ஏதோ நெளியும். வேகமாகக் கைவிட்டவன் அலறிக்கொண்டு கையை உதறுவான். எனக்கு ஒன்பது வயதில் கட்டைவிரலில் வாங்கியது. தோள்பட்டை வரை ஏறியது. பாட்டி பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து விரலை முக்கி உட்காரவைத்தார். அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது, அதற்கு ஏன் தேளி என்று பெயர் என்று. தேள்தான் அது, தண்ணீருக்குள் இருக்கிற தேள். கொட்டுவது மார்புத் துடுப்பின் முள்.

இந்த மீனுக்கு 1794இல் ஃபாஸிலிஸ் என்று பெயர் வைத்தவர் ப்ளாக் என்ற பெர்லின் மருத்துவர். இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. மீன் போனது நம் தரங்கம்பாடியிலிருந்து. அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்த ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி ப்ளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நன்றிக்கடனாக ஒரு கடல்மீன் பேரினத்துக்கே, அதாவது நெருங்கிய உறவுள்ள மீன்களின் கூட்டத்துக்கே, ‘ஜோனியஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார் ப்ளாக். சரி, பெர்லினில் இருந்தவருக்கு இது சேற்றைத் தோண்டி எடுக்கிற மீன் என்று எப்படித் தெரிந்தது? ஜாடியில் மிதக்கும் மீன் அதைச் சொல்லாது. மண்வெட்டி பிடித்த யாரோ ஒருவர் சொல்லி, அது கடிதத்தில் ஏறிக் கப்பலில் போயிருக்க வேண்டும். அந்த ஆளின் பெயர்தான் எங்கும் இல்லை.

பெயரின் முதல் பாதியான ஹெட்டரோநியூஸ்டஸுக்கு ‘வேறு மாதிரி மூச்சுவிடுவது’ என்று பொருள். செவுள் அறையிலிருந்து இரண்டு நீளப் பைகள் முதுகுச் சதைக்குள் பின்னோக்கி ஓடுகின்றன. அவற்றில் காற்றை அடைத்துக்கொண்டுதான் அது சேற்றில் தாக்குப்பிடிக்கிறது. இது அறுத்துப் பார்த்தவன் வைத்த பெயர். ஃபாஸிலிஸ் தோண்டியவன் சொன்னது. தேளி, கொட்டு வாங்கியவன் வைத்தது. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும், சொந்தக் காரணம் உண்டு.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்கிறீர்கள். மகளின் பட்டியலில் ‘மிஸ்டஸ் கெலிடியஸ்’ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். 1840இல் வாலென்சியன் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. கெலிடியஸ், கெலிடி, கெளுத்தி. நம் கெளுத்திக்கு லத்தீன் வால் ஒட்டியிருக்கிறார், வேறொன்றும் செய்யவில்லை. ‘மிஸ்டஸ்’ கிரேக்கத்தில் மீசையைக் குறிக்கும் ‘மிஸ்டாக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆக, மீசைக் கெளுத்தி. (மிஸ்டாக்ஸ், மீசை, எனவே தமிழிலிருந்துதான் கிரேக்கத்துக்குப் போனது என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.)

வாளை இன்னும் சுவாரசியம். அதன் பெயர் ‘வல்லாகோ அட்டு’. தெலுங்கில் வாளையை வாலுக என்பார்கள், அதுதான் வல்லாகோ. அட்டு? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். என் காதில் அது ‘ஆத்து வாளை’யின் ஆத்து என்றுதான் விழுகிறது. முன்பாதி தெலுங்கு, பின்பாதி தமிழ். ஒரே தெருவில் இரண்டு பாஷையும் புழங்கும் சேலத்துக்காரர்களான நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

இதில் எல்லாரையும் மிஞ்சியவர் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புக்கானன் ஹாமில்டன். 1800இல் மதராஸிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் என்று சுற்றிய அதே புக்கானன்தான். 1822இல் கங்கை மீன்களைப் பற்றி நூல் போட்டபோது, வங்காள மீனவர்கள் சொன்ன பெயர்களை ஏறத்தாழ அப்படியே அறிவியல் பெயராக்கிவிட்டார். மாகுர், டெங்கரா, பங்காஸ் எல்லாம் கல்கத்தா மீன் சந்தையில் இன்றைக்கும் கூவி விற்கிற பெயர்கள். நம் ஆறுகளுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருக்கலாம்.

மாறாக, இடத்துக்குப் பொருந்தாமல் வைத்த பெயர்களும் உண்டு. நீலகிரி அடிவாரத்தில், பவானி ஆற்றுப் பாறைகளில் மார்பால் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னக் கெளுத்தி ஒன்றுக்கு மதராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1873இல் வைத்த பெயர் ‘மதராஸ்பட்டனம்’ என்று முடிகிறது. அந்த மீன் கடற்கரையைக் கண்டிருக்காது. மாகாணத்தின் பெயரைச் சூட்டிவிட்டார் போல. கிருஷ்ணகிரித் தோட்டத்து மாம்பழம் சேலத்து மாம்பழமாக விற்கிற கணக்குதான். நம் மலைக்கும் அப்படி ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. மீனில் இல்லை, செடியில். ‘வெர்னோனியா ஷெவராயென்சிஸ்’. சேர்வராயன் ஷெவராய் ஆகி, அப்புறம் ஷெவராயென்சிஸ் ஆகிவிட்டார். இது மட்டும் பொருத்தமான பெயர், செடி இந்த மலைக்கே உரியது.

மகளிடம் சொல்ல இன்னொன்று. கேரளத்தில் கிணறுகளின் அடிநீரில் கண்ணில்லாத கெளுத்திகள் இருக்கின்றன, விரல் நீளம்கூட இல்லை, ரத்தச் சிவப்பு. இரிஞ்ஞாலக்குடாவில் கிடைத்த ஒன்றுக்கு 2012இல் ‘ஹொராகிளானிஸ் அப்துல்கலாமி’ என்று பெயர் வைத்தார்கள். நம் ராமேஸ்வரத்துக்காரர் கிணற்றுக்குள்ளும் இருக்கிறார்.

அப்புறம், ஆப்பிரிக்கக் கெளுத்தி. மற்ற மீன்களை வாரி விழுங்கிவிடும் என்று இங்கே வளர்க்கத் தடை. தடையை மீறிக் குட்டைகளில் வளர்ப்பதும், அதிகாரிகள் வந்து அழிப்பதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதன் பெயர் ‘கிளாரியஸ் கேரிபினஸ்’. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றுக்கு அந்த ஊர் மக்கள் வைத்த பெயர் காரிப். அவர்கள் மொழியில் காரிப் என்றால் ஆறு. அதாவது அங்கேயும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் “இது என்ன மீன், எந்த இடம்?” என்று கேட்டிருக்கிறார். கரையில் நின்றவர் “ஆறு” என்றிருக்கிறார். நம் ஆளும் “ஆத்து” என்றுதானே சொன்னார்?

போன வாரம் சூரமங்கலம் மார்க்கெட்டில் கெளுத்தி வாங்கினேன். அந்த அக்கா அரிவாள்மணையின் பின்பக்கத்தால் முதுகு முள்ளை ஒரு தட்டு, பக்கத்துக்கு ஒன்றாக மார்பு முள்ளை இரண்டு தட்டு தட்டி ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் மீனைக் கையிலெடுத்தார். பக்கத்துத் தட்டில் கொஞ்சம் மஞ்சளாக, தலை சப்பையாக இருந்ததைக் காட்டி இது என்னக்கா என்றேன். “அதுவும் கெளுத்திதான் சார், ஆனா வேற கெளுத்தி” என்றார். கூட்டத்துக்குப் பேரினம், அதற்குள் ஒவ்வொன்றுக்கும் சிற்றினம் என்று இரண்டு சொல்லில் பெயர் வைப்பதும் இதைத்தான் செய்கிறது. மகளை ஒருநாள் அழைத்துப்போங்கள். காலை ஆறரைக்குள் போனால்தான் மேட்டூர் மீன் இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பழைய பாடப்புத்தகங்களில் நம் ஊர் நடக்கும் கெளுத்திக்கு ‘கிளாரியஸ் பெட்ராகஸ்’ என்று இருக்கும். பெட்ராகஸ் என்றால் தவளை, ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். அந்தத் தவளைப் பெயர் உண்மையில் ஜாவா தீவு மீனுக்குத்தான் சொந்தம் என்று முடிவாகி, இந்திய மீன் இப்போது ‘கிளாரியஸ் மாகுர்’ ஆகிவிட்டது. தேர்வில் எதை எழுதினால் மார்க் போடுவார்கள் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.