ஒரு ஈழத்தலரி மொட்டை, இன்னொன்று பச்சை

கேள்வி: தொட்டியில் இரண்டு ஈழத்தலரி வளர்க்கிறேன். இரண்டிலும் வெள்ளைப் பூதான். குளிர் தொடங்கியதும் ஒன்று இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. மற்றது பச்சையாகவே இருக்கிறது. முதல் செடி பட்டுப்போய்விட்டதா? தண்ணீரைக் கூட்டட்டுமா?

பதில்: கூட்டாதீர்கள். இலையில்லாத ஈழத்தலரியைக் கொல்வது பெரும்பாலும் இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீர்தான். கிளையை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உறங்குகிறது, அவ்வளவே. தொளதொளவென்று அமுங்கினால் அழுகல். நல்ல பகுதி தெரியும்வரை வெட்டிவிட வேண்டும்.

உங்களிடம் இருப்பவை ஈழத்தலரியின் இரண்டு வெவ்வேறு இனங்கள் என்றுதான் தோன்றுகிறது: மொட்டையானது புளூமேரியா ரூப்ரா, பச்சையாக நிற்பது புளூமேரியா ஒப்டியூசா. பூவின் நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். புளூமேரியா ரூப்ராவின் பெயரிலேயே சிவப்பு இருந்தாலும், அதில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் உண்டு. இலை நுனியைப் பாருங்கள். ரூப்ராவுக்குக் கூர் நுனி. புளூமேரியா ஒப்டியூசாவுக்கு மழுங்கிய, வட்டமான நுனி. இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். ஒப்டியூசா என்றாலே லத்தீனில் மழுங்கியது என்றுதான் பொருள். மொட்டைச் செடியில் இலைக்கு எங்கே போவது என்கிறீர்களா? தொட்டியடியில் ஒரு சருகாவது கிடக்கும்.

மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்து மரமான ரூப்ரா, மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, தடித்த தண்டில் சேர்த்த நீரை வைத்துக் காலம் தள்ளும். கரீபியன் தீவுகளில் பரவலாக வளரும் ஒப்டியூசா பெரும்பாலும் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும். கடும் வறட்சியோ குளிரோ வந்தால் அதுவும் கொஞ்சம் இலை கொட்டும், பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உதிர்ந்த இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது ஓய்வல்ல, துருநோய். ரூப்ராவைத்தான் இது அதிகம் பிடிக்கும். சருகுகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

மற்றபடி நல்ல வெயிலில் வைத்து, துளிர் விடும்வரை மண்ணைக் காயவிடுங்கள். உரமும் அப்புறம்தான். கிளை நட்டுப் பெருக்க நினைத்தால் ரூப்ரா சுலபமாக வேர்விடும், ஒப்டியூசா சற்று அடம்பிடிக்கும். எதுவானாலும் வெட்டிய முனை ஓரிரு வாரம் நிழலில் காயட்டும். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.