பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் சென்சார்: கேள்வி பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் எம்.எஸ்சி. மாணவி: சார், பாராசிட்டமாலை அளக்க பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினை ஏன் மின்முனையில் பூசுகிறார்கள்?

ஏழு குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்த வளையம் அது. வெளிப்புறம் நீரோடு ஒட்டும், உள்குழி ஒட்டாது. பென்சீன் வளையமுள்ள மருந்து அந்தக் குழிக்குள் புகும். முனையருகே மருந்து சேரச் சேர ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் கூடும். ஆனால் பஃபரில் (pH மாறாமல் வைத்திருக்கும் ஆய்வகக் கரைசலில்) மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

குலசேகரம்: கிளாஸி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனையில் பீக், அதாவது மின்னோட்டத்தின் உச்சம், தினமும் மாறுகிறது.

0.05 மைக்ரான் அலுமினாத் தூளில் தேய்த்து, நன்றாகக் கழுவி, முனை சரியாக இருக்கிறதா என்று ஃபெரிசயனைடு கரைசலில் சரிபாருங்கள்.

நாகர்கோவில்: நான் கரைசலில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டேன். மின்னோட்டம் குறைந்தது. நீங்கள் கூடும் என்கிறீர்கள்!

இரண்டும் சரிதான் தம்பி. கரைசலில் இருக்கும் வளையம் மருந்தைப் பிடித்தால் கூட்டு பெரிதாகும், மெதுவாகப் பரவும், பீக் குறையும். முனையில் நிலைத்திருக்கும் வளையம்தான் மருந்தைச் சேர்த்துவைக்கும். பீட்டா வகை 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 18.5 கிராம் கரையும். சும்மா சொட்டி உலர்த்திய பூச்சு கரைந்து வெளியே வந்துவிடும். அதனால் வளையங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும் குறுக்கிணைப்போ பாலிமராக்கமோ அவசியம்.

குழித்துறை: பூச்சில் கார்பன் நானோகுழாயும் கலந்தால் மின்னோட்டம் கூடுவது குழாயால்தானே? வளையத்துக்கு என்ன பெருமை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். குழாய் மட்டும் பூசிய முனையை அளக்காத கட்டுரையை நான் நம்ப மாட்டேன். அதுவும் போதாது, வளையம் சேர்ந்ததும் பூச்சின் பரவலே மாறியிருக்கலாம். அடமாண்டேன் கார்பாக்சிலிக் அமிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். அது பீட்டா குழியில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். மருந்துக்கு இடமில்லாமல் பீக் சரிந்தால், வளையம் வேலை செய்கிறது என்று தைரியமாக எழுதலாம்.

நாகர்கோவில்: அந்த அமிலமே முனையில் படிந்து பீக்கைக் குறைத்தால்?

நல்ல மறுப்பு. வளையமில்லாத முனையிலும் அதே அமிலத்தைச் சேருங்கள். அங்கேயும் அதே அளவு சரிந்தால் என் வாதம் நிற்காது.

தக்கலை: பீட்டா ஏன் சார்?

முதல் பதிலைப் படியுங்கள். ஆல்ஃபாவுக்கு 6 அலகு, காமாவுக்கு 8. குழியின் அளவு மருந்துக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

கொளச்சல்: சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குப் பதில் கிரௌன் ஈதர் என்ற வளையம்?

18-கிரௌன்-6 பொட்டாசியத்தைப் பிடிக்கும். புரோட்டான் ஏற்ற முதன்மை அமீன் உள்ள மருந்தையும் பிடிக்கும். pH கூடினால் அந்தப் புரோட்டான் போய்விடும், அதனால் pH-ஐக் கவனியுங்கள்.

குழித்துறை: தாமிரபரணித் தண்ணீரில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் திரும்பவும் சொல்கிறேன், பஃபரில் அளந்து போட்ட செறிவு-மின்னோட்ட நேர்கோட்டை ஆற்றுநீருக்குப் பொருத்தாதீர்கள். மக்கிய இலைப் பொருள்கள் முனையில் படியும். வடிகட்டி, அதே நீரிலேயே ஸ்டாண்டர்டு அடிஷன் (தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்துச் சேர்த்து அளப்பது) செய்யுங்கள். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் ஃபெரிசயனைடில் முனையைச் சரிபாருங்கள்.